‘அட்மிஷன்’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து, அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கல்வி இணைப்பிதழை இன்றைக்கும் முதல் பக்கத்துக்கு முன்பே பிரித்துப் படித்துவிடுவேன், பழக்கம் விடவில்லை. சென்ற வாரம் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்புத் தகுதித் தேர்வு, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, சிபாரிசுக் கடிதம், கடைசித் தேதி எல்லாம் இருந்தன. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த இடத்தில் கட்டுரை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கஷ்டம் ஆரம்பித்ததே அந்த இடத்தில்தான். அதனால் எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் என் அண்ணன் மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கணிதத்தில் மூன்று வருஷ பி.எஸ்சி. முடித்தவள், கணினி அறிவியலில் எம்.எஸ். படிக்க ஆசைப்பட்டாள். கடிதத்தின் முதல் வரியிலேயே ‘புரொவிஷனல் அட்மிஷன்’ என்று இருந்தது. அண்ணன் எனக்குப் போன் போட்டு, “இது என்னம்மா, நம்ம புரொவிஷனல் சர்ட்டிபிகேட் மாதிரிதானே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னவள் நான்தான். அந்தத் தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ஆமாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. புரொவிஷனல் சான்றிதழ்களை என் கையால் எத்தனை ஆயிரம் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. படித்தாயிற்று, தேறியாயிற்று, பட்டமளிப்பு விழா நடந்து பட்டச் சான்றிதழ் வரவேண்டியதுதான் பாக்கி என்பது அதற்கு அர்த்தம். அதைக் காட்டினால் வேலையிலும் சேர்ப்பார்கள், மேற்படிப்பிலும் சேர்ப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நம் ஊரில் யாரும் பயந்ததில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பைக் கவனிக்கும் பிரிவான கிராஜுவேட் ஸ்கூலில் அதே சொல்லுக்கு ஏறக்குறைய நேர் எதிரான பொருள். உன்னிடம் ஏதோ ஒன்று குறைகிறது, வந்து படித்துக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அது.

குறை என்ன என்பது கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அங்கே இளநிலைப் பட்டம் பொதுவாக நாலு வருஷம். பள்ளியில் 12, கல்லூரியில் 4, ஆக 16 வருஷப் படிப்பை எதிர்பார்க்கிறார்கள். நம் பி.இ., பி.டெக். பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். மூன்று வருஷ பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்களுக்குத்தான் ஒரு வருஷம் இடிக்கும். சில பல்கலைக்கழகங்கள் அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. சில, இங்கே எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு வா என்கின்றன; இன்னும் சில, அடிப்படைப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்கின்றன. இவளுக்குக் கிடைத்தது மூன்றாவது வகை. டேட்டா ஸ்ட்ரக்சர், கணினி அமைப்பு என்று இரண்டு இளநிலைப் பாடங்களை முதல் பருவத்திலேயே எடுக்கவேண்டும். எடுக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ‘பி’ அல்லது அதற்கு மேல் வாங்கவேண்டும். வாங்கினால் ரெகுலர் மாணவர் என்று மாற்றுவார்கள். வாங்காவிட்டால் துறை கூடி முடிவு செய்யும்.

இதில் பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு அளவு உண்டு; அதைக் கூட்டித்தான் பட்டம். முதல் பருவத்தில் அவள் எடுத்தது 9 கிரெடிட். அதில் அந்த இரண்டு பாடங்களுக்கான 6 கிரெடிட் பட்டக் கணக்கில் சேராது. எம்.எஸ். பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வேண்டும். ஒரு பருவம் முழுக்க உழைத்து அவள் சேர்த்தது 3. கட்டணம் மட்டும் ஒன்பதுக்கும் கட்டினோம். இன்னொரு வரியும் அதே பக்கத்தில் இருந்தது: புரொவிஷனல் நிலையில் இருக்கும்வரை அசிஸ்டன்ட்ஷிப்புக்குத் தகுதியில்லை. பேராசிரியருக்கு உதவியாக வாரம் 20 மணி நேரம் வேலை செய்து, சம்பளமும் கட்டணத் தள்ளுபடியும் பெறும் ஏற்பாடு அது. ‘போனதும் அசிஸ்டன்ட்ஷிப் வாங்கிக்கலாம்’ என்பதை நம்பித்தான் அண்ணன் வங்கிக் கடனையே குறைவாகப் போட்டிருந்தார்.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கன்சல்டன்சிக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டபோது, “மேடம், ஐ-20 வந்துடுச்சுல்ல, அட்மிஷன்தான்” என்றார்கள். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்தான் ஐ-20. அவர்கள் கணக்கில் அது சரிதான். அவர்கள் வேலை அதோடு முடிந்துவிட்டது.

ஒரு பாடத்தில் அவள் வாங்கியது ‘பி மைனஸ்’. நாம் அதை பி என்றே படிப்போம். அங்கே பி என்றால் 3.0, பி மைனஸ் என்றால் 2.7. அந்தப் புள்ளி மூன்றில் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. துறையில் நல்ல மனிதர்கள். இன்னொரு பருவம் அவகாசம் கொடுத்தார்கள். தேறினாள், முடித்தாள், இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கடிதத்தை நாங்கள் இரண்டாம் பக்கமும் சேர்த்துப் படித்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம். இங்கேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போயிருக்கலாம். கையில் இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தின் ரெகுலர் அனுமதியைப் பெயர் சின்னதாக இருக்கிறது என்று விட்டிருக்கமாட்டோம்.

‘கண்டிஷனல் அட்மிஷன்’ என்பது இன்னொரு குழப்பம். இந்த ஒரே பெயரில் இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பட்டச் சான்றிதழும் இறுதி மதிப்பெண் பட்டியலும் வந்து சேரவேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது ஒன்று. அதற்குக் கவலை வேண்டாம். காகிதம் போனதும் நிபந்தனை தீர்ந்தது. ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை, முதலில் வந்து ஆங்கிலம் படி, அப்புறம்தான் எம்.எஸ். என்பது இன்னொன்று. சேர்க்கைத் தகுதியை முழுதாக எட்டாத மாணவருக்கு எம்.எஸ். படிப்பின் பேரில் ஐ-20 கொடுக்கக்கூடாது என்று 2016-இல் அமெரிக்க அரசே பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. ஆகவே இந்த இரண்டாவது வகையில் வரும் ஐ-20 ஆங்கிலப் படிப்புக்கானதாகவோ, ‘பாத்வே’ என்ற இணைப்புப் படிப்புக்கானதாகவோ இருக்கும். ஐ-20 வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதில் படிப்பின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது என் மருமகள் கதை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க அத்தை, என்னை மாதிரி நிறைய பேர் இருக்காங்க” என்றாள். என் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். இவள் அவன் மனைவி என்ற முறையில் ஹெச்-4 விசாவில் போனாள். அந்த விசாவில் பொதுவாக வேலைக்குப் போவதற்குத்தான் தடை; படிக்கத் தடையில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ‘நான்-டிகிரி’ மாணவியாக, அதாவது பட்டப் படிப்பில் சேராமல் தனித்தனிப் பாடங்களை மட்டும் படிப்பவளாகச் சேர்ந்தாள். சேர்வது ரொம்ப சுலபம்: ஜிஆர்இ வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம், பட்டம் வாங்கியதற்கு அத்தாட்சியும் ஒரு விண்ணப்பமும் போதும். பருவத்துக்கு ஒன்று என்று ஐந்து பாடங்கள் முடித்தாள், 15 கிரெடிட். பட்டத்தில் பாதி முடிந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் முறைப்படி எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்தாள். அனுமதி கிடைத்தது. ஆனால் நான்-டிகிரியாக இருந்தபோது படித்ததில் 9 கிரெடிட்டைத்தான் பட்டக் கணக்கில் சேர்ப்போம் என்றார்கள். மீதி 6 கிரெடிட்டும், அதாவது இரண்டு பருவமும் அதற்குக் கட்டிய பணமும், அப்படியே போயின. பெரும்பாலான இடங்களில் 9 அல்லது 12 கிரெடிட்தான் உச்சவரம்பு. பாட அட்டவணையிலேயே அது எழுதியிருக்கிறது. படிக்காதது எங்கள் தப்பு. ஆனால் முதல் பாடத்துக்குப் பணம் வாங்கியபோது ஒருவராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

நான்-டிகிரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலையில் இருப்பவர் ஒன்றிரண்டு பாடம் படித்துக்கொள்ள, வெகுநாள் கழித்துப் படிக்க வருகிறவர் தன்னால் முடியுமா என்று பார்த்துக்கொள்ள அது நல்ல வழி. பழைய மதிப்பெண் குறைவாக இருப்பவர் இப்படி இரண்டு பாடம் படித்து, நல்ல கிரேடு வாங்கி, அதைக் காட்டி உள்ளே போனதும் உண்டு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பது வேறு, வீட்டுக்குள் இருப்பது வேறு. எத்தனை நாள் உட்கார்ந்தாலும் திண்ணை தானாக வீடாகிவிடாது. தனியாக விண்ணப்பம் போட்டு, பரிசீலனையில் தேறவேண்டும். இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போக நினைக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் உதவவே உதவாது. நான்-டிகிரி வகைக்கு ஐ-20 தருகிற இடங்கள் குறைவு.

முழுநேரம், பகுதிநேரம் என்ற பிரிவும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நம் ஊரில் பகுதிநேரம் என்றால் மாலை நேரக் கல்லூரி என்று புரிந்துகொள்வோம். அங்கே அது வகுப்பு எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்ததல்ல. எத்தனை கிரெடிட் எடுக்கிறார் என்பதுதான் கணக்கு. மேற்படிப்பில் 9 கிரெடிட் எடுத்தால் முழுநேரம் என்பது பரவலான வழக்கம், அசிஸ்டன்ட்ஷிப்பில் இருப்பவருக்கு 6 என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எஃப்-1 மாணவர் முழுநேரமாகத்தான் இருக்கவேண்டும். பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று பாதியில் ஒன்றை விட்டுவிட்டால் கூடப் படிக்கும் அமெரிக்க மாணவருக்கு ஒன்றும் ஆகாது. இவருக்கு விசாவே சிக்கலாகிவிடும். விடுவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். விட்டபின் போய் நின்றால் பயனில்லை. பிஎச்.டி.யில் பாடங்களை முடித்து ஆய்வேடு எழுதும் கட்டத்தில் ஒன்றோ மூன்றோ கிரெடிட் பதிவு செய்தாலே முழுநேரம் என்று கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கேயும் ஒரு பருவம் பதிவு செய்ய மறந்தால், பல இடங்களில் மீள்சேர்க்கை விண்ணப்பம் போட்டுத்தான் திரும்ப உள்ளே போகமுடியும்.

உங்கள் கட்டுரையில் இருந்த விஷயங்களிலும் என் அலுவலக அனுபவத்திலிருந்து சொல்ல இரண்டு மூன்று உண்டு.

மதிப்பெண்ணை நீங்களே அமெரிக்கர்களின் நாலு புள்ளி அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கட்டுரையில் இருந்தது. தயவுசெய்து வேண்டாம். ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளி குறைந்தது 3.0 வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கேட்பது உண்மை. அதற்காக 62 சதவீதத்தை 25-ஆல் வகுத்து 2.48 என்று ஒரு பையன் எழுதி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். நம் பல்கலைக்கழகத்தில் 62 என்பது முதல் வகுப்பு. அவன் தன்னைத் தானே பெயிலாக்கிக்கொண்டான். விண்ணப்பப் படிவங்களில் பெரும்பாலும் ‘உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த அளவிலேயே எழுதுக’ என்றுதான் இருக்கும். அப்படியே எழுதுங்கள். மாற்றிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது மாணவரின் எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்து நாங்கள் தயாரித்துக் கொடுக்கும் காகிதம். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் விழவேண்டும். அப்போதுதான் அது அதிகாரபூர்வமானது. ஒரு பெண் வாங்கிக்கொண்டு போன மறுநாளே திரும்பி வந்தாள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கப் பிரித்துவிட்டாளாம். பிழை இல்லை. ஆனால் பிரித்த உறை செல்லாது. மறுபடி கட்டணம், மறுபடி முதல்வரைத் தேடிப் பிடிக்கும் படலம். இப்போது பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும், அனுமதி வந்தபிறகு அசலை அனுப்பலாம் என்று வைத்துவிட்டார்கள். அதனாலேயே அசல் என்று ஒன்று கேட்பார்கள் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

சிபாரிசுக் கடிதம் மூன்று. “நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்” என்பார் பேராசிரியர். அவருக்கு நேரமில்லை, புரிகிறது. ஆனால் மூன்று பேராசிரியர்களும் ஒரே நடையில், ஒரே பிழையோடு ஒரு மாணவரைப் புகழ்ந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா?

ஜிஆர்இ பற்றி ஒரு சின்னத் திருத்தம். தேர்வு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் என்று போட்டிருந்தீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து அது 1 மணி 58 நிமிடம்தான்; எழுதவேண்டிய கட்டுரையும் இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு ஜிஆர்இ-யே வேண்டாம் என்று விட்ட துறைகள் ஏராளம். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. கிராஜுவேட் ஸ்கூல் என்பது எல்லாத் துறைக்கும் பொதுவான குறைந்தபட்ச விதியைப் போடும் அலுவலகம். அதற்கு மேல் துறை தன் விதியைப் போடும். இரண்டு பக்கத்தையும் படிக்கவேண்டும். மதிப்பெண்ணுக்கு ஆயுளும் உண்டு: ஜிஆர்இ 5 வருஷம், டோஃபல் 2 வருஷம்.

ஏப்ரல் 15 என்ற தேதியையும் கட்டுரை விட்டுவிட்டது. அமெரிக்க கிராஜுவேட் ஸ்கூல்களின் கவுன்சில் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் நிதியுதவியோடு இடம் கொடுத்தால், ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று மாணவரை நெருக்கக்கூடாது. உதவித்தொகை இல்லாத வெறும் அனுமதிக்கு இது பொருந்தாது. இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டு தவிக்கும் வீட்டுக்கு அந்த நாட்கள் எவ்வளவு பெரியவை என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணன் பிப்ரவரியிலேயே முன்பணம் கட்டிவிட்டார்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். உங்கள் இணைப்பிதழில் வாராவாரம் கால் பக்கத்துக்கு வருகின்றனவே, ‘நூறு சதவீதம் அட்மிஷன் உறுதி’ என்ற விளம்பரங்கள், அவற்றில் எந்த வகை அட்மிஷன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ரெகுலரா, புரொவிஷனலா, கண்டிஷனலா, நான்-டிகிரியா என்று ஒரு சொல் போதும். விளம்பரதாரர் முகம் சுளிப்பார், தெரியும். சுளிக்கிறவர் யார் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன்பாக இந்த நாலு சொற்களையும் தமிழில் விளக்கி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கடிதத்தைப் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். எங்கள் அனுபவத்தில், வந்த சந்தோஷத்தில் பிள்ளைகள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பணம் கட்டுகிற அப்பா அம்மாவுக்குத்தான் இரண்டாம் பக்கம் தேவைப்படுகிறது. அவர்களில் பலர் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்